விபத்தே நிகழாதிருக்க நிகழ்தகவு

அந்தக் கோடையில் நானும் என் தோழியும் எம்.எஸ்சி. புள்ளியியல் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். விருதுநகர் பஜாரில் அவளுடைய அத்தா, அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே இருந்த சின்ன அறைதான் எங்களுக்குப் படிக்கும் இடம். கீழே மிளகாய் வத்தல் மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் நெடி படியேறி வந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் தும்மல், சாத்தினால் வெக்கை. ஏதாவது ஒன்றைப் பொறுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

கணக்கு என்றால் பெரும்பாலும் நிகழ்தகவுப் பரவல்கள். தேர்வில் அதிலிருந்துதான் நிறையக் கேட்பார்கள் என்று கல்லூரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் ஈருறுப்புப் பரவல், மதியம் பாய்ஸான் பரவல், வெயில் தாழ்ந்த பிறகு இயல்நிலைப் பரவல் என்று பிரித்துக்கொண்டு, பழைய வினாத்தாள்களையும் பயிற்சிப் புத்தகங்களையும் ஒரு கணக்கு விடாமல் போட்டோம். அவள் வேகமாகப் போடுவாள். நான் மெதுவாகப் போடுவேன், தப்பு குறைவாக வரும். விடை மாறினால் ஒருத்தியை ஒருத்தி முறைத்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவோம்.

என் வீடு சிவகாசி ரோட்டில் ஒரு கிராமத்தில் இருந்தது. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கும் வேலை பார்த்தாள். விடிந்தும் விடியாததுமாகக் கம்பெனி வேன் வந்து ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். எங்காவது சத்தம் கேட்டால் தெருவே வெளியில் வந்து, புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்க்கும். நம் வீட்டு ஆள் போன பக்கம் இல்லையென்று தெரிந்தால் உள்ளே போய் அடுப்பைக் கவனிப்போம். நானும் அப்படியே வளர்ந்தவள்தான். பயம் இருந்தது. ஆனால் வெயில் இருப்பதைப் போல இருந்தது, அதை யாரும் தனியாக எடுத்துப் பேசியதில்லை.

அந்தப் பயம் எனக்கு எண்ணாக மாறியது அந்த மாடி அறையில்தான்.

எல்லாப் புத்தகத்திலும் வரும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு தொழிற்சாலையில் ஓராண்டில் சராசரியாக இரண்டு விபத்துகள் நிகழ்கின்றன. ஓராண்டில் விபத்தே நிகழாதிருக்க நிகழ்தகவு என்ன? கல்லூரியில் இதைப் பலமுறை போட்டிருக்கிறேன். பாய்ஸான் சூத்திரத்தில் சராசரிக்கு இரண்டு என்று வைத்தால் ஒரே வரியில் முடிந்துவிடும். தோழி எழுதாமலே விடை சொன்னாள்: பூச்சியம் புள்ளி ஒன்று மூன்று ஐந்து. சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

நான் போகவில்லை. நூறு ஆண்டை எடுத்துக்கொண்டால் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுதான் ஒன்றும் நடக்காமல் கழியும் என்று அதற்கு அர்த்தம். மற்ற ஆண்டுகளிலெல்லாம் யாரோ ஒருவருடைய வீட்டுக்குச் செய்தி போகும். அதுவரை அந்த வாக்கியத்தில் இருந்த ‘தொழிற்சாலை’ எனக்கு ஒரு சொல்லாகத்தான் இருந்தது. அன்றைக்கு அதற்கு ஒரு தகரக் கேட்டும், வரிசையாக வெள்ளையடித்த சிறிய அறைகளும், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளும் வந்துவிட்டன.

அதற்கு இரண்டு கணக்குத் தள்ளி இன்னொன்று இருந்தது. ஒரு வேலையில் ஒரு நாளில் ஆபத்து நேர ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. முந்நூறு நாளில் ஒரு முறையாவது ஆபத்து நேர நிகழ்தகவு என்ன? ஆயிரத்தில் ஒன்று என்றதும் மனம் லேசாகத்தான் இருந்தது. போட்டுப் பார்த்தபோது விடை கால் பங்குக்கும் கொஞ்சம் மேலே வந்தது. தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து இன்னொரு முறை போட்டேன். அதே விடை.

அது புத்தகம் போட்ட எண், அம்மாவின் கம்பெனிக்கு உரியது இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு உரிய எண் எது என்று யாருக்கும் தெரியாது என்பதும் தெரியும். அந்த இரண்டாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஆனாலும் என்னை முழுக்க உட்கார வைத்தது அடுக்குக்குறிப் பரவல். ஒரு பொருள் பழுதாகும் வரை எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்லும் பரவல் அது. அதற்கு ‘நினைவின்மை’ என்று ஒரு பண்பு உண்டு. பல்பு இவ்வளவு நேரம் எரிந்துவிட்டது என்பது இனி எவ்வளவு நேரம் எரியும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால், இதுவரை ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு அது புதுப் பல்பு.

அம்மா எப்போதும் ஒன்றைச் சொல்லுவாள். நான் சின்ன வயதில் அழுதபோது சொல்லியிருக்கிறாள். அப்பா போன பிறகு வேறு வேலை பார்க்கச் சொல்லி மாமாக்கள் வற்புறுத்தியபோதும் அதையேதான் சொன்னாள்: “இம்புட்டு வருசம் பாத்துட்டேன், ஒண்ணும் ஆகல. இனியா ஆகப் போகுது?” எங்கள் வீட்டில் அந்த ஒரு பேச்சின் மேல்தான் எல்லாம் நின்றுகொண்டிருந்தது. பென்சிலை வைத்துவிட்டுத் தோழியிடம் இதைச் சொன்னேன்.

அவள் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். “பிள்ள, இது பல்புக்குப் போட்ட கணக்கு. ஒங்கம்மாவுக்கு இல்ல. பேசாம இயல்நிலைப் பரவலைப் போடு” என்றாள். அவள் சொன்ன தொனியிலேயே அவளுக்கும் அது தைத்துவிட்டது தெரிந்தது. அன்றைக்கு அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் போடவில்லை.

அதன் பின் வந்த நாட்களில் என் உடம்பு எனக்குச் சொந்தமாக இல்லை. பஸ்ஸில் போகும்போது தெற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். கீழே கடையில் மூட்டையைத் தொப்பென்று போட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போவேன். மதியம் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இந்நேரம் அம்மாவும் சாப்பாட்டு நேரத்துக்கு மரத்தடிக்கு வந்திருப்பாள், அறைக்கு வெளியில் இருப்பாள் என்று நினைத்து இரண்டு வாய் சாப்பிடுவேன். அவள் மறுபடி உள்ளே போயிருப்பாள் என்று தோன்றியதும் சோறு இறங்காது. சாயங்காலம் அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று பாதிக் கணக்கில் எழுந்து பஸ்ஸைப் பிடிப்பேன். ரோட்டோரத்தில் நின்று வேனைப் பார்த்தபின்தான் மூச்சு சீராகும்.

அம்மா என்னைக் கவனித்தாள். பரீட்சைப் பயமா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவளிடம் எப்படிச் சொல்வது? வெடிமருந்து தொட்டு வேலை செய்கிற கை நடுங்கக் கூடாது. என் பயத்தை அவள் கைக்கு மாற்றிவிட எனக்குத் துணிச்சல் இல்லை. அவள் நல்லெண்ணெயைக் காய்ச்சி என் உச்சியில் வைத்துத் தேய்த்துவிட்டு, இந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம், உலகம் ஒன்றும் முடிந்துவிடாது என்றாள். உச்சியில் அழுந்திய விரல்களின் சூட்டை உணர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் வந்தபோது நாங்கள் இயல்நிலைப் பரவலில் இருந்தோம். பல்புகளின் ஆயுள், சராசரி ஆயிரத்து இருநூறு மணி நேரம், திட்ட விலக்கம் நூறு, ஆயிரத்து நானூறு மணி நேரத்துக்கு மேல் எரியும் பல்புகளின் விகிதம் என்ன என்ற கணக்கு. நான் அட்டவணையில் விரல் வைத்து இரண்டுக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. தோழியின் அத்தா மேலே வந்தார்.

அவர் மேலே வருகிறவர் இல்லை. மூட்டு வலிக்காரர். ஏதாவது வேண்டுமென்றால் கீழிருந்தே மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நானும் அவரை அத்தா என்றே கூப்பிடுவேன். அன்றைக்கு அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் போன் இருந்தது. அவர் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“ஒங்க அம்மா எந்தக் கம்பெனியில வேல பாக்காகம்மா?”

நான் சொன்னேன். அவர் முகம் மாறாமல் இருக்க முயன்றது எனக்குத் தெரிந்தது. கடைக்கு வந்த யாரோ ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். தூரத்தில் நின்று எடுத்தது, கை ஆடிக்கொண்டே இருக்கிறது, பனங்காட்டுக்குப் பின்னால் புகை சுருண்டு சுருண்டு மேலே போகிறது, நடுநடுவே சடசடவென்று சத்தம். எந்தக் கம்பெனி என்று வந்த ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வொரு பெயர் இருந்தது. அவற்றில் ஒன்று அம்மாவின் கம்பெனி.

அம்மாவின் போனுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, கேட்டில் வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைத்துவிடுவார்கள். வெடித்தால் அந்தப் பெட்டியில்தான் முதலில் எல்லாப் போன்களும் சேர்ந்து அடிக்கும் என்று அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அது என் காதுக்குள் கேட்டது, ஆளில்லாத ஒரு கேட் அறையில் எத்தனையோ போன்கள் ஒன்றாக அடிப்பது. மறுபடி அடித்தேன். மறுபடி. ஒவ்வொரு முறையும் இது தனி முயற்சி, முந்தின முறை எடுக்காததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மூளை அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அத்தா கடையை ஆளிடம் விட்டுவிட்டுச் சரக்கு ஏற்றும் லோடு ஆட்டோவை எடுத்தார். முன்சீட்டில் நாங்கள் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். தோழி என் கையை விடவே இல்லை. சிவகாசி ரோட்டில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. வழியில் எங்கள் ஊர் வந்தது. ஊருக்குப் பிரியும் விலக்கில் பெண்கள் கூட்டமாக நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தா வண்டியை நிறுத்தவில்லை. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஓதுகிறார் என்று புரிந்தது. எனக்கும் ஏதாவது சாமி பெயரைச் சொல்லத் தோன்றியது.

கம்பெனிக்குப் பிரியும் வழியிலேயே போலீஸ் மறித்துவிட்டது. அதற்கு மேல் தீயணைப்பு வண்டிகள் மட்டும் போயின. அங்கிருந்தே சத்தம் கேட்டது. வீடியோவில் கேட்டது போல இல்லை, தரையில் இருந்து காலுக்குள் ஏறியது. ஒரு சத்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழும். முடிந்துவிட்டது என்று கூட்டம் ஓரடி நகரும். மறுபடி வெடிக்கும். எல்லோரும் ஒன்றாகப் பின்வாங்குவோம்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் தப்பி வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தாள், அம்மாவோடு ஒரே அறையில் திரி வைப்பவள். புருவம் கருகியிருந்தது. என்னைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள். அவள் அழுததிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அம்மா எங்கே என்று கேட்டேன்.

“மருந்து ரூம்ல ஒரு ஆளு வரலன்னு ஒங்கம்மாவ அங்கன வரச்சொன்னாக தாயி. எந்திரிச்சுப் போனா. அங்கன போய்ச் சேந்தாளா, அதுக்கு முன்னாடியே வெடிச்சிருச்சா, எனக்குத் தெரியல. சத்தம் கேட்டதும் நாங்க ஆளுக்கொரு பக்கம் ஓடிட்டோம்.”

முதலில் வெடித்தது எந்த அறை என்று அத்தா தணிந்த குரலில் கேட்டார். மருந்து ரூம்தான் என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு முழுதாக நினைவில்லை. என்னை வண்டியில் ஏற்றியது, சிவகாசிப் பெரியாஸ்பத்திரி வாசல், கயிறு கட்டி விலக்கிய கூட்டம் ஆகியவை துண்டு துண்டாக இருக்கின்றன. அங்கே நின்று ஆம்புலன்ஸுகளைப் பார்த்தேன். அவை ஒரே சீராக வரவில்லை. இரண்டு ஒன்றையொன்று ஒட்டினாற்போல் வரும், பிறகு வெகு நேரம் ஒன்றும் வராது. இனி இல்லை போல என்று நினைக்கும்போது மூன்றாவது வரும். தற்செயலாக வருபவை இப்படித்தான் கொத்துக் கொத்தாக வரும், அதற்குப் பெயர் பாய்ஸான் வருகை, அதில் எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறோம். அதை அந்த நேரத்தில் தெரிந்துகொண்டிருந்த என் தலையைச் சுவரில் மோதிவிடலாம் போல் இருந்தது. ஒவ்வொரு வண்டியின் கதவு திறக்கும்போதும் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். தோழிதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினாள்.

பிறகு ஒரு நர்ஸ் வெளியே வந்து, ஆள் தெரியாமல் ஒரு அம்மா உள்ளே இருக்கிறார்கள், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், சொந்தக்காரரைத் தேடுகிறவர்களில் ஒருவர் மட்டும் வந்து பாருங்கள் என்றார். கூட்டத்தில் யாரும் உடனே நகரவில்லை. அத்தா தான் போவதாகச் சொன்னார். அவர் என் அம்மாவை ஓரிரு முறைதான் பார்த்திருக்கிறார். நானே போனேன்.

முகத்தைப் பார்க்க முடியாது. தலைக்கும் கைக்கும் துணி சுற்றியிருந்தார்கள். உடம்பின் அளவு அம்மாவின் அளவுதான். மேலே போர்த்தியிருந்தார்கள், கால்கள் மட்டும் வெளியில் தெரிந்தன. பாதத்தின் வெடிப்பு கூட அம்மாவினுடையதைப் போலவே இருந்தது. நர்ஸ் என் தோளைத் தொட்டுக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இருபத்தொரு வருடம் அந்தக் காலடியில் வளர்ந்தவள், அது என் அம்மாவின் கால்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது இரண்டாவது விரலில் மெட்டியைப் பார்த்தேன். கரி படிந்து கறுத்திருந்ததால் முதலில் கண்ணில் படவில்லை. அப்பா இறந்த வாரத்திலேயே அம்மா மெட்டியைக் கழற்றிவிட்டாள்.

“இல்ல. எங்கம்மா இல்ல” என்றேன். அதைச் சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. அதே கணம் அந்தக் கால்விரல்கள் லேசாக அசைந்தன. என் குரல் அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்குமோ என்று இன்றும் நினைக்கிறேன். அவர் யார் என்று பின்னால் செய்தித்தாளில் தெரிந்துகொண்டேன். அவர் பிழைக்கவில்லை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அம்மா இந்த ஆஸ்பத்திரியில் இல்லை, ரோட்டோரத்தில் இல்லை, கேட்டில் இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம். அங்கே இன்னும் தீ அணையவில்லை. தோழி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அதை வாங்கும்போது என் போன் அடித்தது. தெரியாத எண். கம்பெனி ஆபீஸிலிருந்து, இல்லை போலீஸிலிருந்து என்று நினைத்தேன். எடுக்கப் பயமாக இருந்தது. தோழி பிடுங்கி எடுத்து என் காதில் வைத்தாள்.

“ஏ பிள்ள, நாந்தான். எனக்குக் காது கேக்கல. நீ பேசுனா எனக்குக் கேக்காது. நான் இங்கன ஆனைக்குட்டத்துப் பக்கம் இருக்கேன்.”

அம்மாவின் குரல். தூரத்து வயலில் நிற்கிற ஒருவரைக் கூப்பிடுவது போலக் கத்திக்கொண்டிருந்தாள். நான் அம்மா அம்மா என்று கத்தினேன். அவளுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. அவள் பாட்டுக்கு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள், காது கேட்கவில்லை, இங்கே இருக்கிறேன், பயப்படாதே. பிறகு வேறொரு ஆண் குரல் வந்தது. ஆடு மேய்க்கிறவர், அவருடைய போன். இந்த அம்மா காட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து விழுந்தார்கள், ஒரு நம்பரை மட்டும் மனப்பாடமாகச் சொன்னார்கள், அதற்குத்தான் அடித்தேன் என்று சொல்லி, வர வேண்டிய வழியை அத்தாவிடம் விளக்கினார்.

அம்மா ஒரு மோட்டார் ரூமின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை கீறல், சேலையின் கரை கிழிந்து தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள், பாதத்தை ஊன்ற முடியவில்லை. வேலை நேரத்தில் செருப்புப் போட மாட்டார்கள். வெறுங்காலோடு கருவேலங்காட்டில் ஓடி வந்திருந்தாள். நான் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன். வெடிமருந்தும் வியர்வையும் சேர்ந்த வாடை. அவள் என் தலையைத் தடவிக்கொண்டே, வந்த எல்லோரையும் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், மருந்து ரூமுக்குப் போகும் வழியில் தாகமாக இருந்தது, தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்பினேன், டம்ளரை வாயில் வைத்தேன், அப்புறம் ஒன்றும் தெரியாது என்று. அவளுக்கு அதைத் தவிர வேறு எதுவும் சொல்ல வரவில்லை. லோடு ஆட்டோவின் பின்னால், சாக்கு விரித்து உட்கார வைத்து, தோழி தன் தலைத்துணியிலிருந்து ஊசியைக் கழற்றி அம்மாவின் பாதத்திலிருந்து முட்களை எடுத்தாள். அம்மா கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

இடது காதின் சவ்வு கிழிந்துவிட்டது என்று விருதுநகரில் டாக்டர் சொன்னார். வலது காது மெல்ல மெல்லத் திரும்பியது. அம்மாவோடு வேனில் போனவர்களில் இருவர் திரும்பவில்லை. கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள்.

நான் தேர்வு எழுதினேன். எழுதப் போகவில்லை என்றுதான் சொன்னேன், தோழி வீட்டுக்கே வந்து இழுத்துக்கொண்டு போனாள். மதுரையில் ஒரு கல்லூரியில், கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு. பாய்ஸான் பரவலில் ஒரு கேள்வி வந்தது, ஒரு அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி. படித்ததும் உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. போட்டுவிட்டேன். அவளுக்கு முதல் பட்டியலிலும் எனக்கு அடுத்ததிலும் இடம் கிடைத்தது. இருவரும் ஒரே ஊருக்குப் போனோம்.

அம்மா கொஞ்ச காலம் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் அட்டைப்பெட்டி ஒட்டப் போனாள். தினமும் சாயங்காலம் விடுதியிலிருந்து அவளைக் கூப்பிடுவேன். அவள் வலது காதில் வைத்துப் பேசுவாள். நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சோறு இறங்கியது.

தை மாதம் லீவுக்கு வந்தேன். அம்மா கோலமாவு டப்பாவை எடுத்துக் கொடுத்தபோது அவள் நகக்கண்ணில் வெடிமருந்தின் அந்தச் சாம்பல் நிறம் இருந்தது. அது கழுவினால் போகாது, அச்சகத்துப் பசையிலும் வராது. எங்கே வேலைக்குப் போகிறாய் என்று கேட்டேன். அவள் மறைக்கவில்லை. வேறொரு கம்பெனி, அதே வேலை, தீபாவளி முடிந்ததுமே சேர்ந்துவிட்டாள். நான் பயப்படுவேன் என்று போனில் சொல்லவில்லையாம்.

“பெட்டி ஒட்டுற எடத்துல நாளெல்லாம் ஒக்காந்து இடுப்பு போச்சு. கூலியும் பாதி. ஒருத்தரையும் தெரியாது. இங்கன எல்லாம் நம்ம ஊரு ஆளுக.”

அப்போதுதான் அவளிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மாடி அறையில் போட்ட கணக்குகளை, ஆயிரத்தில் ஒன்று கால் பங்கானதை, இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு ஒரு பொருளும் இல்லை என்று பல்புக் கணக்கில் படித்ததை. நான் கோபமாகத்தான் தொடங்கினேன், முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். அவள் வலது காதை என் பக்கம் திருப்பி, காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“எனக்கு மட்டும் பயமில்லன்னா நெனைக்க?” என்றாள். “வேன்ல ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் பயந்தான். முன்னாடியும் பயந்தான். ஒன்கிட்ட சொல்லி என்ன செய்ய?”

பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளைகள் மிச்சம் வைத்த பொட்டுவெடியைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எங்கள் இரண்டு பேருடைய தோளும் துள்ளியது, அவளுடையது கேட்கிற காதின் பக்கமாக. அம்மா கத்தரிக்காயை எடுத்து மறுபடி நறுக்கத் தொடங்கினாள். பிறகு, அந்தக் கடைக்காரர் நம்பர் என்ன, அதையும் சொல்லிக்கொடு என்றாள். உன் நம்பர் கிடைக்காவிட்டால் யாருக்கு அடிப்பது என்று கேட்டாள்.

நான் அத்தாவின் எண்ணைச் சொன்னேன். அவள் நறுக்கிக்கொண்டே திருப்பிச் சொன்னாள். நடுவில் இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. திருத்தினேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள்.